ஆர்விக்குள் எலியும் பூச்சியும் ஏறாமல் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ள பயண வண்டி, எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் என்று கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்டன. சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள், சிலர் பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எனக்கு வரும் சந்தேகங்களில் பாதிக்குமேல் எலி, எறும்பு, பூச்சி பற்றியவை. திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், அடுத்து சாப்பாட்டைப் பூட்ட வேண்டும், பொறி வைப்பது அதற்குப் பிறகு. வாசனை எண்ணெயும் மின்கருவியும் இந்த மூன்றில் எதற்கும் ஈடாகாது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வரிசையை ஒட்டியே இருக்கும்.

புது வண்டிதானே, அதுக்குள்ள எலி எப்படி வரும்?

புது வண்டியிலும் வரும். தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வயர் எல்லாம் தரை வழியாக இறங்குவதற்குத் துளை போடுகிறார்கள். குழாயைவிடத் துளை பெரிதாகவே இருக்கும். மீதி இடைவெளியில் கொஞ்சம் ஃபோம் அடித்து விட்டுவிடுவது வழக்கம், சில இடங்களில் அதுவும் இருக்காது. வண்டியின் அடிவயிற்றை மூடியிருக்கும் நெளிவு பிளாஸ்டிக் தகடும் ஓரங்களில் சரியாகப் படியாது.

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் துளையில் சுண்டெலியும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். தலை நுழைந்துவிட்டால் உடம்பைச் சுருக்கி உள்ளே வந்துவிடும்.

சரி, ஓட்டை எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரவில் ஒருவர் வண்டிக்குள் இருந்துகொண்டு சிங்க் அடி அலமாரி, கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி, தண்ணீர்ப் பம்ப் இருக்கும் மூலை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பலமான டார்ச் அடிக்கட்டும். இன்னொருவர் வெளியே பாய் விரித்துப் படுத்து அடியிலிருந்து பார்க்கட்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் வழிதான். சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டு, பகலில் வேலையைத் தொடங்கலாம்.

தவறாமல் பார்க்க வேண்டியவை: மின்கேபிள் வெளியே வரும் சின்னக் கதவு, ஸ்லைடு-அவுட்டின் (நிறுத்தியபின் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி) நான்கு மூலைகள், அதிலும் கீழ் மூலைகள், ட்ரெய்லரின் முன்பகுதியில் வயர்க் கட்டு உள்ளே நுழையும் இடம், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, ஷவருக்கும் டாய்லெட்டுக்கும் பின்னால் உள்ள குழாய் இறங்கும் துளைகள். ஸ்லைடு வெளியே இருக்கும்போது ஒருமுறையும் உள்ளே இழுத்திருக்கும்போது ஒருமுறையும் பாருங்கள். ஒரு நிலையில் நன்றாக மூடியிருக்கும் ரப்பர் பட்டை இன்னொரு நிலையில் மடங்கி வழிவிடும்.

எதை வச்சு அடைக்கிறது? ஃபோம் ஸ்ப்ரே போதுமா?

ஃபோம் மட்டும் போதாது. எலி அதைக் கடித்துத் தள்ளிவிடும், உதிர்ந்ததைக் கூட்டுக்கும் எடுத்துக்கொள்ளும். முதலில் செம்புக் கம்பி வலையோ துருப்பிடிக்காத ஸ்டீல் நாரோ இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் சீலண்ட் பூச வேண்டும். சாதாரண இரும்பு நாரும் எலியைத் தடுக்கும், ஆனால் சாலை ஈரத்தில் துருப்பிடித்து ஒரு மழைக்காலத்திலேயே பொடியாகும். உள்ளங்கை அகல ஓட்டை என்றால் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையை வெட்டி ஸ்க்ரூ போட்டு அடியுங்கள்.

சில துளைகளை அடைக்கவே கூடாது. கேஸ் சிலிண்டர் பெட்டியின் தரையில் இருக்கும் துளை வேண்டுமென்றே வைத்தது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி வெளியேற அந்த வழி வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கும் காற்றோட்டம் வேண்டும். ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் வெளித்துளைகளும் அப்படித்தான். அவற்றைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

கேம்ப்ல நிக்கும்போது எது வழியா ஏறுது?

தரையைத் தொடும் எல்லாவற்றின் வழியாகவும் ஏறும். டயர், ஜாக்கி, படிக்கட்டு, தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ், மின்கேபிள். அதிகம் பயன்படுவது கேபிள்தான், அது நேராகத் திறந்த ஒரு கதவுக்குள் போகிறது. கேபிள் நுழையும் இடத்தில் மிச்சம் இருக்கும் இடைவெளியில் ஒரு ஸ்பாஞ்சை வெட்டிச் செருகலாம். கடிபடும் பொருள்தான், ஆனாலும் ஒன்றிரண்டு இரவு தங்கலுக்கு உதவும். கேபிளில் மாட்டும் கூம்பு வடிவத் தடுப்புகளும் கிடைக்கின்றன. அவை எலிக்கு ஓரளவு பயன், எறும்புக்குப் பயனில்லை.

எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். உயரமான புல், விறகுக் குவியல், குப்பைத் தொட்டி, பாறை இடுக்கு இவற்றை ஒட்டி நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் இறங்கி, தரையில் எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜாக்கியை இறக்குங்கள்.

சாப்பாடெல்லாம் டப்பால போட்டு மூடித்தானே வச்சிருக்கோம்?

எந்த டப்பா என்பதைப் பொறுத்தது. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் ஜிப் பையும் எலிப்பல்லுக்குத் தாங்காது. நம் சமையலில் அரிசி, ரவை, கடலை, வெல்லம், அப்பளம் என்று மணக்கும் உலர்பொருள்கள் அதிகம். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்களும் கண்ணாடிப் புட்டிகளும்தான் நம்பகமானவை. கருவாடு கொண்டுபோகிறவர்கள் அதைக் கட்டாயம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மறந்துபோகும் சாப்பாடுகள் வேறு இருக்கின்றன. நாய், பூனைத் தீனி, குழந்தைகளின் கார் சீட்டில் உதிர்ந்த பிஸ்கட், தாளித்தபோது அடுப்புக்குப் பின்னால் தெறித்த எண்ணெய், வெளியே கிரில்லில் படிந்த கொழுப்பு. இரவு படுக்கும் முன் இவற்றைத் துடைத்து, குப்பைப் பையைக் கேம்ப் தொட்டியில் போட்டுவிடுங்கள். பையை வண்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் காலையில் போடலாம் என்று விடவே கூடாது. பாத்திரம் கழுவிய நீரைத் தரையில் ஊற்றுவதும் வேண்டாம். தேசியப் பூங்காக்களில் அதற்குத் தடையும் உண்டு, அந்தப் பருக்கைகளுக்குக் கரடியும் வரும்.

மளிகைக் கடை அட்டைப்பெட்டிகளை வண்டிக்குள் ஏற்றாதீர்கள். சின்னப் பழுப்புக் கரப்பான் பெரும்பாலும் அந்த அட்டை மடிப்புகளில் ஒளிந்துதான் வருகிறது. அரிசி, ரவையில் வண்டு வரும் என்ற பயம் இருந்தால், கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். முட்டை உட்பட எல்லாம் அழிந்துவிடும்.

பெப்பர்மிண்ட் எண்ணெய், ட்ரையர் ஷீட், சோப்பு எல்லாம் வச்சா எலி வராதுன்னு சொல்றாங்களே?

நம்பி இருக்க முடியாது. புது வாசனைக்கு எலி முதலில் கொஞ்சம் தயங்கலாம். எண்ணெய் ஆவியாகி வாசனை குறைந்ததும், அல்லது வாசனை பழகியதும், அதன் பக்கத்திலேயே கூடு கட்டும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் மணத்தாளான ட்ரையர் ஷீட்டைக் கிழித்துக் கூட்டுக்கு மெத்தையாகப் போட்டிருப்பதை ஆர்வி பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஓட்டையை அடைத்தபிறகு வாசனைக்காக வைப்பதில் தப்பில்லை. அடைக்காமல் வைப்பது வீண்.

ஊர்ல அலமாரியில போடுற பாச்சா உருண்டை போட்டா?

தயவுசெய்து போடாதீர்கள். நாஃப்தலீனும் பாரா-டைகுளோரோபென்சீனும் காற்றுப்புகாத பெட்டியில் கம்பளித் துணியோடு வைப்பதற்காக அனுமதிக்கப்பட்டவை. ஆர்வி என்பது நீங்கள் படுத்துத் தூங்கும் சின்ன அறை. அந்த ஆவியைக் குழந்தைகள் இரவு முழுக்கச் சுவாசிப்பார்கள். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இந்தக் குறைபாடு இந்தியர்களிடையே அரிதானதல்ல, பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. மெத்தையிலும் மரத்திலும் ஏறிய நாற்றம் மாதக்கணக்கில் போகாது.

அமெரிக்கச் சட்டப்படி பூச்சிமருந்தை லேபிளில் சொன்ன விதத்தில் மட்டுமே பயன்படுத்தலாம். எலியை விரட்டப் பாச்சா உருண்டையை வண்டிக்கு அடியில் தூவுவதும் அந்த விதிக்குப் புறம்பானது. மிட்டாய் என்று குழந்தை எடுத்து வாயில் போடும் ஆபத்து வேறு.

அல்ட்ராசோனிக் கருவி, வண்டிக்கு அடியில கயிறு லைட்டு, இதெல்லாம்?

காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டுவதாக விற்கும் கருவிகளின் விளம்பரங்களுக்கு அறிவியல் சான்று வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், எஃப்டிசி, 2001-ல் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. அந்த ஒலி சுவர், மெத்தை, அலமாரிக் கதவு எதையும் தாண்டிப் போகாது. எலியும் சில நாளில் பழகிவிடும். அந்தப் பணத்துக்குச் செம்பு வலை வாங்குங்கள்.

அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலம் கழிப்பவர்கள் வண்டிக்கு அடியில் விளக்குக் கயிறு போட்டு வைப்பதைப் பார்க்கலாம். இருட்டை விரும்பும் எலிக்கு வெளிச்சம் பிடிக்காது என்பது கணக்கு. செலவு குறைவு, கெடுதல் இல்லை. ஆனால் ஓட்டை இருந்தால் விளக்கு காப்பாற்றாது.

பொறியா, விஷமா, பசை அட்டையா, எது நல்லது?

அடித்துப் பிடிக்கும் பழைய மரப்பொறிதான் என் முதல் தேர்வு. சுவரை ஒட்டி, சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். நிலக்கடலை வெண்ணெய் ஒரு பட்டாணி அளவு போதும், நிறைய வைத்தால் பொறி தட்டாமலே நக்கிவிட்டுப் போகும். குளிர் தொடங்கும் சமயத்தில் சாப்பாட்டைவிடக் கூட்டுப் பொருளைத் தேடும் என்பதால், ஒரு துண்டுப் பஞ்சைக் கட்டி வைத்தாலும் வந்து மாட்டும். ஒன்றுக்கு நான்கைந்து பொறியாக ஒரே இரவில் வைப்பது, ஒன்றை வைத்து வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட மேல்.

விஷம் வேண்டாம். தின்ற எலி சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ போய்ச் சாகும். தகடுகளைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது, நாற்றம் வாரக்கணக்கில் நிற்கும். வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்னும் ஆந்தை, பருந்து, நரியும் சாகும். இந்தக் காரணத்துக்காகத்தான் கலிஃபோர்னியா 2021 முதல் வீரியமான இரண்டாம் தலைமுறை எலி விஷங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. பசை அட்டையில் மாட்டிய எலி உயிரோடு பல மணி நேரம் துடிக்கும், பயத்தில் சிறுநீரும் கழிக்கும். அடுத்த கேள்வியைப் படித்தால் அது ஏன் உங்களுக்கும் நல்லதல்ல என்று புரியும்.

அலமாரில எலிப்புழுக்கை கிடக்கு. கூட்டி அள்ளிப் போட்டா போதுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்யூம் போடாதீர்கள். வட அமெரிக்காவின் மான் சுண்டெலி ஹாண்டா வைரஸைச் சுமக்கும். மேல்புறம் பழுப்பு, வயிறும் பாதமும் வெள்ளை, கண்கள் பெரிது, வாலும் மேலே கருமை கீழே வெண்மை என்று இரு நிறத்தில் இருக்கும். அதன் சிறுநீர், புழுக்கை, எச்சில் உலர்ந்து தூசியாகப் பறக்கும்போது மூச்சு வழியாக மனிதருக்கு வருகிறது. வீடுகளில் வரும் ஒரே சாம்பல் நிறச் சுண்டெலியிடம் இந்த ஆபத்து குறைவு. ஆனால் புழுக்கையைப் பார்த்து எந்த எலி என்று சொல்ல முடியாது.

இந்த வைரஸால் வரும் நுரையீரல் நோய் 1993-ல் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா நான்கும் சந்திக்கும் பகுதியில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2012-ல் யோசெமிட்டியில் தங்கியவர்களில் 10 பேருக்கு வந்து 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் அங்கே கறி வில்லேஜ் (Curry Village) என்ற தங்குமிடத்தில் இரட்டைச் சுவர் கொண்ட கூடாரக் குடில்களில் தங்கியவர்கள். அந்தச் சுவர்களின் இடைவெளியில் எலிகள் குடியிருந்தன. பல ஆர்விகளின் சுவருக்குள்ளும் அப்படி இடைவெளி உண்டு. நோய் அபூர்வம், ஆனால் நுரையீரலைத் தாக்கிய பிறகு பத்தில் நான்கு பேர்வரை இறக்கிறார்கள், குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். ஏசி, ஹீட்டர் போடாதீர்கள். ரப்பர் கையுறை மாட்டுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றே கலந்து, புழுக்கை, கூடு, கறை எல்லாம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு பேப்பர் டவலால் அள்ளி, பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் குப்பையில் சேருங்கள். சுற்றியுள்ள இடத்தையும் அதே கலவையால் துடையுங்கள். செத்த எலியையும் பொறியோடு சேர்த்து இப்படியே நனைத்துத்தான் எடுக்க வேண்டும். கையுறையோடு கையைக் கழுவி, கழற்றிவிட்டு மறுபடி கழுவுங்கள்.

அடுத்த ஒன்றிலிருந்து எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல், அசதி, தொடை, இடுப்பு, முதுகில் கடும் வலி வந்தால் மருத்துவரிடம் போங்கள். “எலிப்புழுக்கை இருந்த இடத்தைச் சுத்தம் செய்தேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஃப்ளூ என்று அனுப்பிவிடுவார்கள். மூச்சுத்திணறல் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

எலி உள்ள இருக்கும்போதே ஓட்டையை அடைச்சிட்டா மாட்டிக்காதா?

மாட்டும். அதனால் வெளியே போகும் பெரிய வழி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடையுங்கள். உள்ளே பொறி வையுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் எதுவும் மாட்டாமல், புதுப் புழுக்கையும் இல்லாமல் இருந்தால் கடைசி வழியையும் மூடலாம். நடமாட்டம் தெரிய, தரையில் கொஞ்சம் மாவு தூவிவைத்துக் காலையில் கால்தடம் பார்க்கலாம். தள்ளிப்போடாதீர்கள். பெட்டை எலி மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும், அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்.

எறும்பு வரிசையா ஏறுது அண்ணா, ஸ்ப்ரே அடிச்சும் போகல!

ஸ்ப்ரே வெளியே தெரியும் எறும்பைத்தான் கொல்லும், புற்று அப்படியே இருக்கும். வரிசை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேலே சொன்ன கேபிளோ ஹோஸோதான். போராக்ஸும் சர்க்கரைப் பாகும் கலந்த இரை டப்பாக்கள் கடையில் கிடைக்கும். அதை வண்டிக்கு வெளியே, வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் கூட்டம் அதிகமாகும், பயப்பட வேண்டாம், எறும்பு அதைப் புற்றுக்கு எடுத்துப் போக வேண்டும். இரை வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் இரையைத் தொடாது. வண்டிக்குள் இருக்கும் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் பின்னால் வருவது வழி தெரியாமல் திணறும்.

டெக்சஸ், ஃப்ளோரிடா பக்கம் போகிறவர்கள் கவனிக்க: நெருப்பெறும்பு மின்பெட்டிகளுக்குள் கூடு வைக்கும். கேம்பில் ப்ளக் செருகும் பெட்டியின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தபிறகு கையை விடுங்கள். கருப்பு விதவைச் சிலந்தியும் அதே பெட்டியில் இருக்கலாம்.

ஊர்ல இருந்து எறும்பு சாக்பீஸ் கொண்டு வந்திருக்கோம், கோடு போடலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் பதிவு செய்யப்படாத பூச்சிமருந்து சாக்பீஸ்களை விற்பது சட்டவிரோதம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இபிஏ, பலகாலமாக எச்சரிக்கிறது. குழந்தை எழுதும் சாக்பீஸ் என்று எடுத்து வாயில் வைக்கும் என்பதே முதன்மைக் காரணம். சமையலும் தூக்கமும் ஒரே தரையில் நடக்கும் வண்டியில் அந்தத் தூள் பாயிலும் தட்டிலும் ஒட்டும்.

கொசுவலை நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் ராத்திரி எதுவோ கடிக்குது. கண்ணுக்கே தெரியல.

ஃப்ளோரிடா, ஜார்ஜியா கடலோர உப்புச் சதுப்புகளை ஒட்டிய கேம்ப் என்றால் அது ‘நோ-சீ-அம்’ எனப்படும் நுண்கொசு. சாதாரண ஜன்னல் வலையில் அங்குலத்துக்கு 18, 16 இழைகள்தான் இருக்கும், அதற்குள் நுழைந்துவிடும். 20-க்கு 20 அல்லது அதைவிட நெருக்கமான வலை வேண்டும். விடியலிலும் அந்தியிலும்தான் தொல்லை அதிகம். பறக்கும் பலம் குறைவு என்பதால் கட்டிலை நோக்கி ஒரு மின்விசிறி ஓடினாலே பாதி குறையும்.

உடம்பில் டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி தடவலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கு மட்டும். பூனை வைத்திருப்பவர்கள் அது முழுதாகக் காயும்வரை பூனையைத் தள்ளி வையுங்கள், ஈர பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

ஹீட்டர் போட்டா பத்தமாட்டேங்குது, வெளித்துளையில மண்ணு அடைச்சிருக்கு. என்ன அது?

குளவிக்கூடு. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று கலைக்காமல் விடுவது நம் வழக்கம். இங்கே கட்டாயம் எடுக்க வேண்டும். ஹீட்டரின் புகைக்குழாய் அடைபட்டால் எரிதல் கெட்டு, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் வாசனையும் இல்லை. கேஸை மூடி, கருவி ஆறியபிறகு கூட்டை எடுங்கள். உள்ளே ஆழமாக இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

சிலந்தியும் இதே வேலையைச் செய்யும். வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் பர்னர் குழாயில் மெல்லிய வலை பின்னினாலே சுடர் மஞ்சளாகும் அல்லது அணையும். எரிபொருள் வாசனைக்குச் சிலந்தி வருவது புதிதல்ல. பெட்ரோல் டாங்கின் காற்றுக் குழாயில் மஞ்சள் சிலந்தி வலை பின்னியதால் 2011-ல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் துளைகளுக்குக் கம்பி வலைத் தடுப்புகள் கிடைக்கின்றன. அறை ஹீட்டருக்கு மட்டும் கையேட்டைப் படித்துவிட்டு மாட்டுங்கள், வெளியார் வலைகளைச் சில தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை.

வாடகைக்குத்தான் எடுக்கிறோம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

டார்ச் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்க் அடி அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் புழுக்கை, மெத்தையின் தையலோரத்தில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளி, எல்லா ஜன்னல் வலையிலும் கிழிசல், ஸ்லைடு மூலைகள். புழுக்கை இருந்தால் படம் எடுத்து, வேறு வண்டி கேளுங்கள். “சுத்தம் பண்ணித் தருகிறோம்” என்று அங்கேயே ஒருவர் வேக்யூம் எடுத்து வந்தால், ஏன் வேண்டாம் என்பதைப் புழுக்கைக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்ததும் துணிகளை அதிக சூட்டில் அரை மணி நேரம் ட்ரையரில் ஓட்டினால் மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வராது.

வண்டியை நிறுத்திட்டு மலையேறப் போனோம், திரும்பி வந்தா ஸ்டார்ட் ஆகல. வயரைக் கடிச்சிருக்கு!

மேற்கு மலைகளில் இது சாதாரணம். செக்கோயா தேசியப் பூங்காவின் மினரல் கிங் பகுதியில் மார்மட் என்ற பெரிய அணில் இனம் ரேடியேட்டர் ஹோஸையும் வயரையும் கடிக்கும். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அங்கே போகிறவர்கள் பெரிய தார்ப்பாயை விரித்து அதன்மேல் வண்டியை ஏற்றி, சுற்றி மேலே தூக்கிக் கட்டிவிட்டுத்தான் நடக்கப் போகிறார்கள். கிளப்பும் முன் இன்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள், மார்மட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோவில் பேக்ராட் என்ற காட்டெலி சுள்ளியும் கள்ளிமுள்ளும் கொண்டுவந்து இன்ஜினில் கூடு கட்டும். அங்கே இரவில் மூடியைத் திறந்தே வைப்பவர்கள் உண்டு, மறைவு இல்லாத இடம் அதற்குப் பிடிக்காது.

வயரில் சுற்ற மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பை ஹோண்டா விற்கிறது, எந்த வண்டிக்கும் சுற்றலாம். காப்பீட்டைப் பொறுத்தவரை, எலிக்கடி சேதத்தை விலக்கும் வாசகம் பல ஆர்வி பாலிசிகளில் இருக்கிறது. பயணத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கணும். என்ன செஞ்சுட்டு மூடணும்?

இரவு குளிரத் தொடங்கும் செப்டம்பர் மாதத்துக்குள் ஓட்டை வேலையை முடியுங்கள். நாற்றப்பூச்சியும் பாக்ஸெல்டர் பூச்சியும் குளிருக்கு ஒதுங்குவது அப்போதுதான். உப்பு, தேநீர்ப் பை, பற்பசை, சோப்பு உட்பட வாயில் வைக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுங்கள். போர்வை, தலையணையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தபடி விடுங்கள். பொறிகளை வைத்துவிட்டு மறந்துவிடாமல் மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பசங்க சிப்மங்குக்கு வேர்க்கடலை போடுறாங்க. அழகாத்தானே இருக்கு, விட்டா என்ன?

விடாதீர்கள். தேசியப் பூங்காவில் எந்த விலங்குக்கும் தீனி போடுவது குற்றம். கடலை கிடைத்த இடத்தை அவை மறக்காது, அடுத்து உங்கள் படிக்கட்டில் ஏறும். கலிஃபோர்னியா மலைகளில் தரை அணில், சிப்மங்க் என்ற கோடுபோட்ட சின்ன அணில் இவற்றின் தெள்ளுப்பூச்சிகளில் பிளேக் கிருமி இன்னும் உண்டு. 2015-ல் யோசெமிட்டியில் தங்கிய ஒரு குழந்தைக்கு பிளேக் வந்து, பிழைத்தது. அந்த ஆகஸ்டில் அங்கே க்ரேன் ஃப்ளாட், டுவாலமி மெடோஸ் கேம்ப்களை மூடி வளைகளில் மருந்து தூவினார்கள். செத்த அணிலைக் கண்டால் தொடாமல் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

விறகு வீட்ல நிறைய இருக்கு, வண்டியில போட்டு எடுத்துட்டுப் போலாமா?

போகும் இடத்திலேயே வாங்குங்கள். விறகுக்குள் இருக்கும் எறும்பும் கரையானும் உங்கள் வண்டிக்கு வரும் என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், நீங்கள் ஒரு காட்டுக்கு மரத்தைக் கொல்லும் பூச்சியைக் கொண்டுபோகலாம். 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு (எமரால்டு ஆஷ் போரர்) இவ்வளவு தூரம் பரவியதில் விறகு ஏற்றிச் சென்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகச் சட்டமே தடுக்கிறது.

விறகு இல்லாவிட்டாலும் வண்டியைச் சுற்றிப் பாருங்கள். 2014-ல் பென்சில்வேனியாவில் முதலில் தென்பட்ட புள்ளி லாண்டர்ன்ஃப்ளை என்ற பூச்சி, செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை கிடைத்த பரப்பில் எல்லாம் முட்டையிடும், டயர் வளைவும் ட்ரெய்லர் அடிப்பக்கமும் உட்பட. காய்ந்த சேறு அப்பியதுபோல் சாம்பல் நிறத்தில் இருக்கும். பழைய அட்டை ஒன்றால் சுரண்டி, கை கழுவும் ஆல்கஹால் ஜெல் உள்ள பையில் போட்டு மூடினால் முட்டை செத்துவிடும். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இலையுதிர்காலத்தில் கேம்ப் போகிறவர்கள் கிளம்பும் காலையில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.